எதுக்காச்சும் ஆகும்

1

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நான் சென்னையில் இருந்தேன். அந்த மாதம் முதல் வாரத்துப் புயல் மழையில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. ஊரில் அத்தை தனியாக இருக்கிறாளே என்று மூன்று நாள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

அத்தையைப் பக்கத்துத் தெருப் பையன்கள் மீனவர் படகில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நான்காம் நாள்தான் தகவல் வந்தது. படகில் ஏற மாட்டேன் என்று அரைமணி நேரம் அடம்பிடித்திருக்கிறாள். கடைசியில் ஒரு துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினாளாம். சாலை சரியானதும் அப்பா போய் அவளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அத்தைக்கு அப்போது 71 வயது. பிள்ளைகள் இல்லை. மாமா பழைய துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். தோணியில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது அவர் வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து மூட்டை. 2009இல் இறந்துபோனார். அதற்கு முன்பே அத்தை எதையும் தூரப் போடாதவள்தான். மாமா போன பிறகு வீடு நிரம்ப ஆரம்பித்தது. பால் பாக்கெட் உறைகள் கழுவிக் காயவைத்து நூறு நூறாகக் கட்டியவை, மக்ரூன் டப்பாக்கள், சாக்கு, சணல், மூடி இல்லாத பாட்டில், பாட்டில் இல்லாத மூடி, பழைய தந்தி பேப்பர், யாரோ வீடு மாற்றும்போது விட்டுப்போன சைக்கிள் டயர். முன்னறை, நடு அறை, பரண் என்று ஒவ்வொன்றாக அடைபட்டு, கடைசியில் வாசலிலிருந்து அடுக்களைக்குப் போக ஓர் ஆள் ஒருச்சாய்த்து நடக்கும் அளவு வழிதான் மிச்சம். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “இருக்கட்டும். எதுக்காச்சும் ஆகும்.”

மழை வடிந்து பத்து நாள் கழித்து நான் போனபோது ஊரே வீட்டுச் சாமானைத் தெருவில் போட்டிருந்தது. மெத்தை, பீரோ, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் ஊறி உப்பிக் கிடந்தன. இதுதான் சமயம் என்று தோன்றியது. சித்தப்பா மகன், நான், கூலிக்கு இரண்டு பேர். இரண்டு நாளில் நான்கு லோடு குட்டியானை போனது. தரை தெரிந்தது. அந்தத் தரையில் பூப்போட்ட சிவப்பு ஓடு பதித்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பினாயில் ஊற்றிக் கழுவி, முன், பின் என்று இரண்டு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைகூப்புகிற பொம்மைகளாக வந்து குவிந்தன. சொந்த ஊருக்குச் செய்யவேண்டியதைச் செய்த பிள்ளையாக அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அத்தை வந்தாள். வாசலில் நின்றாள். சத்தம் போடவில்லை. உள்ளே வந்து பரணை நிமிர்ந்து பார்த்தாள்.

“மருமவனே, மேல ஒரு பால்பவுடர் டின் இருந்துச்சே?”

எனக்கு எந்த டின் என்றே தெரியவில்லை. மாமாவின் டேலி நோட்டுகள் அதில்தான் இருந்தனவாம். இருபதுக்கும் மேலே.

“தண்ணி பரணு வரைக்கும் வரலியே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றாள். அவ்வளவுதான்.

தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. பரண் நனையவே இல்லை. அதையும் சேர்த்துக் காலிசெய்யச் சொன்னது நான். ஆரம்பித்ததுதான் ஆரம்பித்தோம், முழுசாக முடித்துவிடலாம் என்று சொன்ன ஞாபகம் இருக்கிறது.

பதினான்கு மாதத்தில் வீடு பழையபடி நிரம்பிவிட்டது. முன்பு இல்லாத ஒன்று மட்டும் புதிதாக வந்திருந்தது. கேட்டில் பூட்டு. எனக்கு அதன் சாவி கிடையாது.

நான் செய்தது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அப்போது என்னிடம் சட்டென்று ஒரு பதில் இருந்தது. எலி, பாம்பு, தீ, வயசானவள், தனியாக இருப்பவள். இந்தப் பதில் முழுப் பொய்யில்லை. ஆனால் அந்த டின்னுக்கு இது பதில் ஆகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் சொல்லில் இருக்கிற சிக்கல். அத்தையின் நிலைமையைத் தமிழில் என்னவென்று சொல்வது? அகராதியைக் கேட்டால் ‘பதுக்கல்’ என்கிறது. நம் காதில் பதுக்கல் என்றால் அரிசி மூட்டை, கிட்டங்கி, 1955ஆம் வருடத்து அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். விலை ஏறட்டும் என்று அடுத்தவன் வயிற்றிலடித்துச் சேர்ப்பவனின் சொல் அது. பால் பாக்கெட் உறையைப் பதுக்கி யார் என்ன லாபம் பார்க்க முடியும்?

கஞ்சம் என்று சொல்லலாமா? அதுவும் பொருந்தாது. திருக்குறளில் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. சேர்த்துவைத்துத் தானும் துய்க்காமல் பிறருக்கும் கொடுக்காமல் போகிறவனை அது கண்டிக்கிறது. அத்தை அந்த ஆளில்லை. அவள் வீட்டுக்கு எப்போது போனாலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. “ஏய்யா, இந்த டப்பா ஒனக்கு ஆகும், எடுத்துட்டுப் போ” என்று எதையாவது திணிப்பாள். யாருக்காவது என்றைக்காவது ஆகும் என்பதுதான் அவள் சேர்ப்பதற்கே காரணம். கஞ்சன் தனக்காகச் சேர்க்கிறான். இவள் இன்னும் வந்துசேராத யாரோ ஒருவருக்காகச் சேர்க்கிறாள்.

எங்கள் பக்கத்தில் ‘அடசல்’ என்று ஒரு சொல் உண்டு. ‘வீடு ஒரே அடசலா கெடக்கு’ என்போம். அது வீட்டைச் சொல்கிறது, ஆளைக் குற்றம் சொல்லவில்லை. அதனால் எனக்கு அதுவே போதும்.

மருத்துவம் இதற்கு ஒரு பெயர் வைத்தது மிகச் சமீபத்தில். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஹோர்டிங் டிஸார்டரைத் தனி நோயாகச் சேர்த்தது. அதுவரை எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வாலாகவே இதைப் பார்த்தார்கள். உலக சுகாதார அமைப்பின் பட்டியலிலும் இப்போது தனி இடம் இருக்கிறது. கையேடு சொல்வதை எளிமையாகச் சொன்னால் இப்படி வரும். பொருளின் மதிப்பு என்னவாக இருந்தாலும் அதைக் கைவிட முடியாத சிரமம். கைவிட நேர்ந்தால் தாங்கமுடியாத துயரம். அதனால் அறைகள் அவற்றின் பயனுக்கே ஆகாமல்போவது. சமைக்க முடியாத அடுக்களை, படுக்க முடியாத கட்டில். 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் நூற்றில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இளவயதிலேயே தொடங்கி, பத்து வருடத்துக்குப் பத்து வருடம் கூடிக்கொண்டே போகும். ஒரு தெருவில் நாற்பது வீடு இருந்தால், ஏதோ ஒரு வீட்டின் ஜன்னல் எப்போதும் சாத்தியே இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இதைப் பற்றிப் படிக்கப் போகிறவர் யாரும் நியூயார்க்கின் காலியர் சகோதரர்களைத் தாண்டாமல் வர முடியாது. ஹோமர், லாங்லி. ஹார்லெம் பகுதியில் அவர்களுடைய வீட்டில் 1947 மார்ச்சில் ஹோமர் இறந்துகிடந்தார். லாங்லியை ஊரெல்லாம் தேடினார்கள். ஏப்ரலில், வீட்டைக் காலிசெய்துகொண்டே போனபோது, அண்ணன் கிடந்த இடத்திலிருந்து சில அடி தூரத்திலேயே அவர் உடல் கிடைத்தது. தான் குவித்த குவியல் தன்மேல் சரிந்து இறந்திருந்தார். நூறு டன்னுக்கு மேல் சாமான் வெளியே வந்தது. அதில் பதினான்கு பியானோக்கள். பத்திரிகைகள் பியானோவை எண்ணிக்கொண்டிருந்தன. என்னை நிறுத்தியது வேறொன்று. ஹோமருக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. ஏன் இத்தனை செய்தித்தாள்களைச் சேர்க்கிறாய் என்று கேட்டவர்களுக்கு லாங்லி ஒரு காரணம் சொல்லியிருந்தார். அண்ணனுக்குப் பார்வை திரும்பும்போது விட்டுப்போன செய்திகளைப் படிக்க வேண்டாமா?

எதுக்காச்சும் ஆகும் என்ற வாக்கியம்தான் அதுவும். வேறு ஊர், வேறு பாஷை.

3

சுத்தம் செய்த அன்று என் மனதில் ஒரு நியாயம் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு துண்டு. ஒன்று, இவை ஆபத்தானவை. இரண்டு, இவை குப்பை. முதலாவதைப் பிறகு பார்க்கிறேன். இரண்டாவதுதான் என்னைத் தைரியமாகக் கைவைக்க வைத்தது. குப்பை என்றால் யாருக்கும் மதிப்பில்லாதது. மதிப்பில்லாததை எடுத்தால் யாருக்கும் இழப்பில்லை.

2012இல் அமெரிக்காவில் டேவிட் டோலினும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். அடசல் பழக்கம் உள்ளவர்களை அவரவர் வீட்டுக்கு வந்த வேண்டாத தபால், காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆய்வுக்கூடமும் தன் பங்குக்கு அதேபோன்ற காகிதங்களை வைத்திருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா, கிழித்துப் போடலாமா என்று கேட்டபடியே மூளையைப் படமெடுத்தார்கள். அடுத்தவருடைய காகிதத்தைப் பார்க்கும்போது, எது முக்கியம் என்று எடைபோடும் மூளைப் பகுதிகள் மற்றவர்களைவிட மந்தமாக இருந்தன. தன்னுடைய காகிதம் வந்ததும் அதே பகுதிகள் அளவுக்கு மீறி எரிந்தன. வேலை நின்றுபோன மூளை அல்ல இது. தன் பொருள் என்று வந்துவிட்டால் அளவுக்கு மேல் வேலை செய்கிற மூளை. நாம் ஒரு நொடியில் முடிவெடுக்கும் மின் ரசீதை வைத்துக்கொண்டு அவர்கள் மனதுக்குள் ஒரு வழக்கே நடத்துகிறார்கள். தீர்ப்பு வராததால் ரசீது மேஜையிலேயே கிடக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊரின் பழைய தொழில் நினைவுக்கு வந்தது. முத்துச் சலாபம். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். பாரில் குளித்து எடுத்த சிப்பிகளைக் கரையில் கொண்டுவந்து எண்ணுவார்கள். குளித்தவர் பங்கு போக மீதியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் சிப்பியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். வாங்கிய குவியலை வெயிலில் அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, நாற்றம் ஊரைத் தூக்கும். சதை கரைந்ததும் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவி, அடியில் தங்கும் மண்ணை விரலால் துழாவுவார்கள். ஆயிரத்தில் எதில் முத்து இருக்கிறதென்று தெரியாது. ஆகவே ஒன்றையும் வீச முடியாது.

அந்தக் கரையில் நின்று யாரும் ‘குப்பையைச் சேர்க்கிறார்கள்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அத்தையும் அதே கணக்கைத்தான் போடுகிறாள். வித்தியாசம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. சலாபம் தொடங்குமுன் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, கழுவி, முத்தை மதிப்பிட்டு, இந்த வருடம் குளிப்பது தகுமா என்று முடிவெடுப்பார்கள். அத்தையால் மாதிரி எடுக்க முடிவதில்லை. ஒவ்வொரு சிப்பியும் அவளுக்குத் தனிச் சிப்பி. அவளுடைய துன்பம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அவள் குவியலில் முத்தே இல்லை என்று நான் நினைத்தேனே, அது என் மடமை. ஒரு பால்பவுடர் டின்னில் இருபது முத்து இருந்தது. நான் கழுவிப் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் கேட்டுக்கொண்டேன். என் போனில் நாற்பதாயிரத்துச் சொச்சம் படம் இருக்கிறது. அதில் பாதி, ரசீதும் வெள்ளைப் பலகையும் தவறுதலாக எடுத்த தரையும். மாதாமாதம் காசு கட்டி அத்தனையையும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். நாற்றம் வராததால் யாரும் என்னை மருத்துவரிடம் போகச் சொல்வதில்லை. அலுவலகத்திலும் அப்படித்தான். டேட்டாபேஸில் எதையும் நாங்கள் நிஜமாக அழிப்பதில்லை. அழித்ததாக ஒரு குறி மட்டும் போட்டு வைப்போம், சாஃப்ட் டெலீட். நாளைக்கு யாராவது கேட்பார்கள். திரும்பி வராதபடி ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். அத்தை வீட்டில் ஒருவர் ஒப்புதல்கூட எனக்குத் தேவைப்படவில்லை.

4

பிறகு, இந்த வேலையையே வேலையாகச் செய்கிறவர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிரிட்டனில் ஹோர்டிங் யூகே என்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஆதரவுக் குழுக் கூட்டம் நடத்துகிறது. வீட்டு உரிமையாளரோ உள்ளாட்சியோ நெருக்கும்போது அந்த மனிதரின் பக்கம் நின்று பேசுகிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில், தாங்களே இந்தப் பழக்கத்தோடு போராடியவர்கள் மற்றவர்களுக்குக் குழு நடத்துகிறார்கள். டோலின், ஃப்ராஸ்ட், ஸ்டெகெட்டி என்ற மூவர் 2007இல் எழுதிய ஒரு சுய உதவிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து பேசுவது, வீட்டுப்பாடமாக ஒரு மேஜையின் ஒரு மூலையை மட்டும் ஒழிப்பது. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

அங்கே 323 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு உளவியலாளர் நடத்தும் குழு, மீதிப் பேருக்குச் சக மனிதர் நடத்தும் குழு என்று வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். இரண்டிலும் முழு விடுதலை இல்லை, குறைவு மட்டுமே. பட்டம் பெற்றவரும் பட்டுத் தெரிந்தவரும் ஒரே அளவுக்குத்தான் உதவ முடிந்திருக்கிறது.

இவர்கள் பின்பற்றும் முறைகளைப் படிக்கப் படிக்க, நான் செய்த ஒவ்வொன்றும் செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் இருந்தது. கேட்காமல் தொடாதே. குப்பை என்ற சொல்லைச் சொல்லாதே, அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதையே சொல். முடிவு அவருடையது, நீ பக்கத்தில் இருக்கிறவன். வீடு முழுவதையும் ஒரேயடியாகக் காலிசெய்தால் அது சீக்கிரமே திரும்ப நிரம்பும், உன்மேல் இருந்த நம்பிக்கை மட்டும் திரும்பாது. முதலில் உயிருக்கு ஆபத்தானதைப் பார். நடக்க வழி, அடுப்பைச் சுற்றி இடம், மின்பலகைக்கு முன்னால் இடம், கக்கூஸ். அழகு அதற்கப்புறம். அழகு வராமலே போனாலும் பரவாயில்லை.

அவர்களிடம் ஓர் அளவுகோலும் உண்டு. அடுக்களை, படுக்கையறை, முன்னறை மூன்றுக்கும் ஒன்பது ஒன்பது புகைப்படம். காலியான அறையில் தொடங்கி, கூரையைத் தொடும் குவியல் வரைக்கும். உங்கள் அறை எந்தப் படம் மாதிரி இருக்கிறது என்று கேட்பார்கள். நாலுக்கு மேலே போனால் கவனம் தேவை. லண்டன் தீயணைப்புத் துறைகூட இதைப் பயன்படுத்துகிறது. எனக்கு இதில் பிடித்தது, கேள்வி கேட்கிற விதம். ‘உங்களுக்கு என்ன வியாதி’ என்று கேட்கவில்லை. ‘இதில் எது உங்கள் வீடு’ என்று கேட்கிறது. பதில் சொல்கிறவர் தன் வீட்டைத் தானே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மனிதர்களிடம் நான் கண்ட பொதுக்குணம் பொறுமை என்று சொல்லிவிடலாம், ஆனால் பொறுமை மட்டும் போதாது. பொறுமையாக இருந்து கடைசியில் வீசிவிடலாம் என்று காத்திருப்பவர் உண்டு. அதை அந்தப் பக்கம் இருப்பவர் மோப்பம் பிடித்துவிடுவார். இவர்களிடம் இருப்பது வேறு. எதிரில் இருப்பவரின் கணக்கும் ஒரு கணக்குதான் என்று நிஜமாகவே நினைக்கிறார்கள். தானும் அதே மேஜையில் தோற்று உட்கார்ந்தவர் அப்படி நினைப்பது சுலபம். மற்றவர்கள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். உதவிக்கும் ஆதிக்கத்துக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று கேட்டால், இங்கேதான் என்று சொல்வேன். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று சொல்கிறவர், அந்த நல்லது என்னவென்று எதிராளியிடம் ஒருமுறையாவது கேட்டாரா?

5

இங்கே எதிர்வாதம் ஒன்று வரும். வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையா? அத்தை வீட்டுச் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் குடும்பத்தில் கைக்குழந்தை இருக்கிறது. எலி அந்தப் பக்கமும்தான் போகிறது. மின்கசிவில் தீப்பிடித்தால் அந்த பேப்பர் குவியல் எரிய எத்தனை நிமிடம் ஆகும்? அத்தையின் சுதந்திரம் என்று நான் சென்னையில் உட்கார்ந்து எழுதலாம், புகையை மூச்சில் இழுக்கப்போவது அவர்கள்.

இது சரியான வாதம். இதற்கு எதிராக நான் எதையும் சொல்லப்போவதில்லை. தலையிட வேண்டிய கட்டம் இருக்கிறது. பிரிட்டனிலேயே 2014ஆம் வருடப் பராமரிப்புச் சட்டத்துக்கான அரசு வழிகாட்டி, தன்னைக் கவனிக்காமல் விடும் நிலைகளோடு இதையும் சேர்த்து உள்ளாட்சிக்குப் பொறுப்பு வைக்கிறது. ஆனால் தீ பற்றக்கூடாது என்ற நியாயம் எவ்வளவு தூரம் செல்லும்? மின்பலகை வரைக்கும் செல்லும். அடுப்புத் திட்டு வரைக்கும், வாசல் வரைக்கும் செல்லும். பரணில் இருந்த பால்பவுடர் டின் வரைக்கும் செல்லாது. ஆபத்தைக் காரணம் காட்டி உள்ளே நுழைந்தவன் அதற்குப் பிறகு தன் ரசனையின்படி வீட்டை ஒழுங்குபண்ணினான். ஆபத்து எங்கே முடிந்தது, என் ரசனை எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. அவசரத்தில் செய்வது வேறு. அவசரத்தைச் சாக்காக வைத்துச் செய்வது வேறு.

அடுத்தவர் நல்லதுக்கு என்று தொடங்குவது எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். இதே மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகை எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலியைப் போட்டவர்களைக் கேட்டிருந்தால் பாதுகாப்புக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் வேலையை அதோடு ஒப்பிடவில்லை, அது நியாயமும் இல்லை. தங்களுக்கு எது நல்லது என்று அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை. அந்த ஒன்று மட்டும் இரண்டிலும் பொது.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. அதே சட்டத்தின் நான்காம் பிரிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தன் சிகிச்சை குறித்து ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதனாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. இது சிகிச்சைக்குச் சொன்ன விதி, சாமானுக்குச் சொன்னதில்லை. இருந்தாலும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்று நினைக்கிறேன். நாம் தப்பு என்று நினைப்பதாலேயே ஒருத்தி புத்தி இல்லாதவள் ஆகிவிடுவதில்லை.

6

அத்தைக்கு லண்டன் அறக்கட்டளையோ சான் பிரான்சிஸ்கோ குழுவோ கிடைக்கவில்லை. கிடைத்தவர் பழைய இரும்புக் கடை அண்ணாச்சி. ‘காயலான் கடை’ என்ற சொல்லே பக்கத்துக் காயல்பட்டினத்துக்காரர்கள் பேரால் வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையோ என்னவோ, அந்தத் தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு.

எனக்குக் கதவு திறக்காத அந்தப் பதினான்கு மாதமும் அண்ணாச்சிக்குத் திறந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பொருளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். “யக்கா, இது அந்தக் காலத்துப் பித்தளை. இப்ப எங்க கெடைக்கு?” அத்தை அதன் கதையைச் சொல்வாள். கதை முடிந்ததும் சில நாள், “எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஒங்ககிட்டனா யாருக்காச்சும் போய்ச் சேரும்” என்பாளாம். சில நாள் உள்ளே வைத்துவிடுவாள். அவர் காசு கொடுத்துவிட்டு, இல்லாவிட்டால் சும்மா, போய்விடுவார். ஆதாயம் இல்லாமல் இல்லை, அவர் வியாபாரி. ஆனால் பொருள் குப்பை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் தொழிலில் குப்பை என்று ஒன்றும் கிடையாது. எல்லாம் எதுக்காச்சும் ஆகும்.

அவரிடம் போய் நின்றேன். “தம்பி, நீங்க வந்து தூக்கிப் போட்டீங்க. நான் வாங்கிட்டுப் போறேன். ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்டார்.

போன வருடம் சித்திரையில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டில் நின்றபடியே. “நோட்டு போனது என்னாலதான் அத்தை. பரணுக்குத் தண்ணி வரல, எனக்குத் தெரியும்” என்றேன். “போனது போச்சு” என்றாள். திறக்கவில்லை. அடுத்த மாதம் போனபோது திறந்தாள். அதிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை போகிறேன். ஒரு மணி நேரம், ஒரு பை. அந்தப் பையை அவள்தான் எடுத்துவர வேண்டும். நான் கேட்பேன், அவள் முடிவு சொல்வாள். முடிவு வராத பொருளுக்குத் தனி அட்டைப்பெட்டி வைத்து மேலே தேதி எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்பது என்று ஒப்பந்தம். எங்கள் அலுவலகத்து சாஃப்ட் டெலீட்தான், பேனாவால் எழுதியது. பல தடவை ஒரு மணி நேரத்தில் நான்கு பொருள்கூட முடிவாகாது. என்ஜினியர் மூளை உள்ளே கிடந்து துடிக்கும். பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

மின்பலகைக்கு முன்னால் இப்போது இடம் இருக்கிறது. அடுப்பைச் சுற்றி இரண்டு முழம் காலி. மற்றபடி அந்தப் படங்களின் கணக்கில் ஏழில் இருந்த முன்னறை ஆறுக்கு வந்திருக்கிறது என்று சொல்லலாம், அதுவும் மனசாட்சியைக் கொஞ்சம் தளர்த்தினால். பூப்போட்ட சிவப்பு ஓடு இன்னும் தெரியவில்லை. இனித் தெரியாமலே போகலாம். குடும்பக் குழுவில் போட ஒரு படமும் என்னிடம் இல்லை.

போன மாதம் பையிலிருந்து அவள் ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. மாமாவின் நோட்டு இல்லை. கடைக்காரர் கொடுத்த காலண்டர் அட்டையில் அவளே தைத்தது. உள்ளே பென்சிலால் கோடுகள். நான்கு, குறுக்கே ஒன்று.

“என்ன அத்தை எண்ணுதீங்க?”

“நீ வர்ற சனிக்கிழமைய” என்றாள். “இது கெடக்கட்டும், இத எடுக்காத.”